அஞ்செட்டியில் குடக்கூலி

குடக்கூலித் தகராறு பட்டணத்துக்கே உரியது என்று சர்க்கார் நினைத்ததோ என்னவோ! யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த கட்டுப்பாடு, 1946, 1949 என்று சட்டமாக வளர்ந்து, 1960-இல் 18-ஆவது சட்டமாக நிலைத்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது போன்ற காரணமின்றிக் குடியிருப்பவரை அந்தச் சட்டப்படி வெளியேற்ற முடியாதிருந்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு சென்னைக்கும் மதுரைக்கும் நகராட்சிகளுக்கும்தான் இருந்தது. மற்ற ஊர்களுக்குச் சர்க்கார் தனியே அறிவித்தால் உண்டு என்றிருந்தது. இதைப் படித்ததும் எனக்கு அஞ்செட்டிதான் நினைவுக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காட்டோர ஊர். மாற்றலாகி வரும் வாத்தியாருக்கு அங்கே வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லே சட்டம். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. அதுவும் நகர்ப்புறத்தை எண்ணி எழுதியதே. முன்பணத்துக்கு ரசீது கேட்டால், "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா, சார்?" என்பார் வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மட்டும் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்வார்.