பாலர் பாடசாலைக் கதவுக்கும் ஒரு வரலாறு உண்டு

வரும் ஜனவரியில் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்க்க யோசிக்கும் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் ஒரு நாள், பாலர் பாடசாலை விடும் நேரம். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து கேற்றடியில் நின்றார். "நான் புள்ளையிட சாச்சா, டீச்சர். காக்கா கடலுக்குப் போயிட்டார், மதினிக்குக் காய்ச்சல். என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க." பிள்ளையும் "சாச்சா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. எங்களுக்கும் அவரைத் தெரியும். அவருடைய தங்கை எங்களில் ஒருவரோடு படித்தவர். ஆனால் பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. உம்மாவுக்கு எடுத்தோம், பதில் இல்லை. பிள்ளையை அனுப்பவில்லை. வெயிலில் அரை மணி நேரம் போல் நின்றார். "என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பிறகு உம்மா அழைத்து உறுதி சொன்ன பின்தான் கேற்றைத் திறந்தோம்.

அடுத்த நாள் வாப்பா வந்தார். "சொந்தத் தம்பிக்கே புள்ளையைக் குடுக்காத சட்டத்தை யார் எழுதினது?" என்று கேட்டார். கோபம் நியாயமானது. அன்று எங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. கல்வியியற் கல்லூரியில் சிறுவர் பாதுகாப்புச் சட்டங்களின் பெயரையும் ஆண்டையும் பரீட்சைக்காக மனனம் செய்தவர்கள் நாங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததால் எந்த ஒழுங்கு வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் தேடவில்லை. பிறகுதான் தேடினோம்.

முதலில் நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். 2009 மார்ச். யுத்தம் முடியும் தறுவாய். திருகோணமலை நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பாடசாலை விட்ட நேரத்தில் கடத்தப்பட்டாள். கப்பம் கேட்டார்கள். சில நாட்களில் உயிரற்ற உடல்தான் கிடைத்தது. பெயரை எழுதவில்லை. முப்பது வயதைத் தாண்டிய யாருக்கும் இந்த ஊரில் அந்தப் பெயரை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த வாரம் எத்தனை வீடுகளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள் என்று உங்கள் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரில் பலர் அப்போது பாடசாலை மாணவர்கள்.

"புள்ளைக்கு அவரைத் தெரியும்தானே" என்பது பதில் ஆகாது. சிறுவருக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சிறுவருக்குத் தெரிந்தவர்களே. இதை உலகெங்கும் சிறுவர் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நமது ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருவரை நம்புவது, இன்னொருவரைத் திருப்பி அனுப்புவது என்று நாங்கள் முகம் பார்த்து முடிவெடுத்தால் ஒரு நாள் பிழைக்கும். பட்டியல் முகம் பார்க்காது. அந்தச் சாச்சாவைக் கள்ளன் என்று நாங்கள் நினைக்கவேயில்லை. நினைக்கத் தேவையில்லாமல் இருப்பதற்குத்தான் பட்டியல்.

இவ்வளவும் கேட்டால், கதவை நன்றாகப் பூட்டி வைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் வரலாறு மறுபக்கம் திரும்புகிறது.

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபம். பிள்ளைகளுக்கு மாயவித்தைக் காட்சி. காட்சி முடியும்போது மேடையிலிருந்து பரிசுகள் கொடுக்கத் தொடங்கினார்கள். மேல்தட்டில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று படிகளில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உட்பக்கமாகத் திறப்பது. அதையும் ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டு, ஏறக்குறைய 20 அங்குலம், தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். முன்னால் வந்த பிள்ளைகள் அந்த இடைவெளியில் சிக்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. 183 பிள்ளைகள் இறந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையும் அதில் உண்டு. தீ இல்லை, புகை இல்லை, எதிரி இல்லை. நெரிசல் வராமல் ஒழுங்காகப் போகட்டும் என்று போட்ட தாழ்ப்பாள் அது.

பொது மண்டபங்களின் வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதன் பிறகு வலுப்பெற்றது. அதே சண்டர்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் 1892இல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துவிடும். பெரிய கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கதவுக்குக் குறுக்கே ஒரு நீளமான இரும்புக் கம்பியைக் கண்டிருப்பீர்கள். அதன் ஆரம்பம் இதுதான். வருபவனுக்குப் பூட்டு, போகும் பிள்ளைக்குத் திறப்பு. ஒரே கதவில் இரண்டும் வேண்டும்.

அடுத்தது நமக்குப் பக்கத்தில், நமது மொழி பேசுகிற ஊர். கும்பகோணம், 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பாடசாலைகள் நடந்தன. மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கூரைக் கீற்றில் ஏறியது. மேல்மாடி வகுப்புகளுக்கும் கீற்றுக் கூரைதான். மேலே இருந்தவர்கள் ஆரம்பப் பிரிவுச் சின்னப் பிள்ளைகள். இறங்குவதற்கு ஒடுக்கமான படிக்கட்டு. முற்பகல் வேளையில், சில நிமிடங்களில், 94 பிள்ளைகள்.

தென்னோலைக் கூரையை நாம் குறை சொல்லவில்லை. நமது வாப்பாமார் படித்த எத்தனையோ கொட்டில்கள் ஓலைதான், காற்று நன்றாக வரும். ஓலையும் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது பிழை. சின்னப் பிள்ளைகளை மேல்மாடியில் வைத்தது பிழை. இறங்க ஒரு வழி மட்டும் இருந்தது பிழை. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு 94 ஆக வந்திருக்காது என்பது எங்கள் அபிப்பிராயம். தமிழ்நாடு அரசு பாடசாலைகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணைக்குழு இருந்தது. 2009 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பாடசாலையில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, நாடு முழுவதற்கும் தீப் பாதுகாப்பு ஒழுங்குகளைக் கட்டாயமாக்கியது. குற்றவியல் வழக்கில் தண்டனைத் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30இல். பத்து வருடம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2009 ஜூன் 5, மெக்சிகோவின் எர்மோசிலோ நகரில், கிடங்காக இருந்ததைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையமாக மாற்றிய ஒரு கட்டடத்தில் தீ. பக்கத்துக் கிடங்கிலிருந்து பரவியது. பிள்ளைகள் மத்தியான நித்திரையில் இருந்தார்கள். அவசரக் கதவு பயன்படவில்லை. வெளியே நின்ற ஒருவர் தன் வாகனத்தால் சுவரை இடித்து ஓட்டை போட்டார். 49 குழந்தைகள் போய்விட்டார்கள். அந்தப் பெற்றோர் வருடக்கணக்கில் தெருவில் நின்று 2011இல் குழந்தைப் பராமரிப்புக்கென்றே ஒரு பொதுச் சட்டத்தைப் பெற்றார்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நாங்கள் எங்கள் பின்கதவைப் போய்ப் பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறோம். கதவுக்கு முன்னால் விழாவுக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் தலையளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஆமைப்பூட்டு தொங்கியது. திறப்பு யாரிடம் என்று கேட்டால், துப்புரவு செய்ய வரும் ராத்தாவின் வீட்டில். அவர் வருவது பின்னேரம். சாச்சாவை வெயிலில் நிற்க வைத்த அதே ஆட்கள்தான் நாங்கள்.

இப்போது அந்தப் பூட்டு இல்லை. உள்ளே மேலே ஒரு கொண்டி, பெரியவர் கைக்கு எட்டும், பிள்ளைக்கு எட்டாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். கதிரைகள் வேறு இடத்தில். முன் கேற் எப்போதும் சாத்தியிருக்கும். ஒரு காரணம் உங்களுக்குத் தெரியும், இன்னொன்று இந்த ஊர் மான்கள். ஒரு நாள் திறந்து கிடந்த கேற்றால் இரண்டு மான் வந்து சாப்பாட்டுப் பெட்டிகளை ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை பிள்ளைகளை வரிசையாக வெளியே கொண்டுபோய்ப் பழக்குகிறோம். "ஏன் புள்ளைகளை வீணாப் பயமுறுத்திறீங்க?" என்று ஒரு உம்மும்மா கேட்டார். 2004 டிசம்பர் 26ஐ அவரிடம் ஞாபகப்படுத்தினோம். நிலநடுக்கம் நடந்து நமது கரைக்கு அலை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் யாருக்கும் எதுவும் தெரியாது. அன்று ஞாயிறு, போயா தினம், டிசம்பர் விடுமுறை. கடலோரப் பாடசாலைகள் காலியாக இருந்தன. அதே அலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள் என்றோம். அவர் பேசவில்லை. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. சட்டம் எச்சரிக்கை தரும், பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது நாம்தான். எங்கள் பயிற்சியில் பயமுறுத்தல் இல்லை. ரயில் விளையாட்டு என்று சொல்லித்தான் கூட்டிப் போகிறோம்.

கேற்றோடு எங்கள் வேலை முடியவில்லை என்பதைக் கிண்ணியா சொல்லித் தந்தது. 2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. பழைய பாலம் இல்லை, புதிய பாலம் முடியவில்லை. இழுவைப் படகில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் கவிழ்ந்தார்கள். அன்றே ஆறு உயிர்கள், அதில் மாணவர்களும் அடக்கம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கேட்டு ஓடியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். அதன் பிறகுதான் நாங்கள் "எப்படி வருகிறது பிள்ளை?" என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம். ஒரு ஓட்டோவில் ஒன்பது பிள்ளைகளை ஏற்றி, இரண்டு பேர் சாரதியின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டு வருவதை இன்றைக்கும் உட்துறைமுக வீதியில் காணலாம். மாதக் காசு குறைவு என்பது எங்களுக்கும் விளங்குகிறது. நாங்களும் சம்பளக்காரர்தான். ஆனாலும் அந்த ஓட்டோவில் வரும் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் அழைப்பு எடுப்போம். கோபிக்க வேண்டாம்.

பாலர் பாடசாலை பார்க்கப் போகிறவர்கள் சுவரில் உள்ள மிக்கி மவுஸையும் ஆங்கிலப் பாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்களிடம் வந்தாலும் வேறு இடத்துக்குப் போனாலும் அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர் வகுப்பறைச் சுவருக்கு உள்ளே இருந்தால் விடாதீர்கள், 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். மலசலகூடத்துக்கு யார் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படுவோம் என்பதால்தான் இதை எழுத்தில் சொல்கிறோம். பிள்ளை விஷயத்தில் எங்காவது, எங்களிடமே என்றாலும், சந்தேகம் வந்தால் அதிகார சபையின் இலக்கம் 1929. இலவசம்.

அந்தச் சாச்சாவின் பெயர் இப்போது பட்டியலில் மூன்றாவதாக, படத்தோடு இருக்கிறது. போன கிழமையும் வந்தார். கேற்றுக்கு வெளியே நின்று, "டீச்சர், லிஸ்ட்ட பாத்திட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பெற்றோர் வந்து பார்க்கலாம். முன் கேற்றில் மணி அடியுங்கள். உள்ளே வந்ததும் பின்கதவை நீங்களே ஒரு தரம் தள்ளிப் பாருங்கள்.