கேட் கிரீனவே

கேட் கிரீனவே (17 மார்ச் 1846 – 6 நவம்பர் 1901) குழந்தைகளுக்கான நூல்களை எழுதிப் படமும் வரைந்த ஆங்கில ஓவியர். லண்டனில் மரச்செதுக்குக் கலைஞராயிருந்த ஜான் கிரீனவேக்கும், இஸ்லிங்டன் பகுதியில் குழந்தைகளுக்கான உடைகள் விற்கும் கடையை நடத்திய எலிசபெத்துக்கும் பிறந்த இவருடைய கலையில், தந்தையின் அச்சுத்தொழிலும் தாயின் தையலும் சரிபாதியாகக் கலந்துள்ளன.

இவருடைய முதல் நூலான ‘அண்டர் த விண்டோ’ (1879), எட்மண்ட் எவன்ஸ் என்னும் அச்சாளரின் முயற்சியால் வெளிவந்தது. மூல ஓவியத்தை ஒளிப்பட முறையில் மரக்கட்டையில் பதித்துக் கோடுகளைச் செதுக்கி, பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கட்டை அமைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ண மரச்செதுக்கு முறையில் எவன்ஸ் தேர்ந்தவர். நீர்வண்ணத்தின் மென்மை அச்சில் கெடாமல் நின்றதற்கு அவருடைய கைத்திறனே காரணம். அவர் துணிந்து அச்சிட்ட 20,000 படிகளும் மறு அச்சு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன.

இப்படங்களில் காணப்படும் குழந்தைமை வரைந்தவருடைய காலத்தியது அன்று. மார்புக்குச் சற்றுக் கீழே இடை வைத்துத் தைத்த நீள அங்கி, சுருக்கம் வைத்த தொப்பி, காற்சட்டையோடு பொத்தானிட்டு இணைத்த சிறுவர் மேற்சட்டை ஆகியவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. கிரீனவே அவற்றைத் தம் கையாலேயே தைத்து, மாதிரியாக நிற்கும் குழந்தைகளுக்கு அணிவித்து வரைந்தார். சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றித் துடைக்கவைக்கும் வழக்கத்தை ஒழிக்க 1875இல் கடுமையான சட்டம் தேவைப்பட்ட, ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளி வருகை 1880இல்தான் எங்கும் கட்டாயமான இங்கிலாந்தின் கரி இப்படங்களில் படிவதேயில்லை. எனினும் இவற்றை வெறும் பொய் என்று தள்ளுவது பொருந்தாது. இளமையில் நாட்டிங்ஹாம்ஷயரின் ரோல்ஸ்டன் சிற்றூரில் இவர் தங்கிய நாள்களின் நினைவே தோட்டங்களாகவும் வேலியோரப் பூக்களாகவும் இவற்றில் விரிகிறது.

கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1883இல் ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவொன்றில் இவரைப் போற்றினார். முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதும், உடலைவிட உடையே உறுதியாக வரையப்பட்டிருப்பதும் மறுக்க முடியாத குறைகள். ஆனால் அவ்வுடையே படத்தை விட்டு வெளியேறியது: லண்டனின் லிபர்ட்டி நிறுவனம் இப்பாணியில் ஆடை தைத்து விற்றது, பிரான்சில் இம்மோகத்துக்குக் ‘கிரீனவிஸ்ம்’ என்று பெயரே ஏற்பட்டது. ஆதலால் 1880களின் குடும்ப ஒளிப்படம் ஒன்றில் ஒரு குழந்தை அணிந்திருக்கும் அங்கியை மட்டும் கொண்டு காலத்தைக் கணிக்க முற்படுபவர், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடக்கூடும்.