பூனையின் நகமும் அமெரிக்க வீடுகளும்

மனிதன் பூனையைத் தன்னிடம் அண்டவிட்டதற்கு ஆதிகாரணம் அதன் நகமே. மேற்காசியாவில் வேளாண்மை தோன்றி, தானியத்தைச் சேர்த்துவைக்கும் வழக்கம் ஏற்பட்ட காலத்தில், தானியத்தை நாடி எலிகளும், எலிகளை நாடிக் காட்டுப் பூனைகளும் ஊருக்குள் வந்தன. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், ஒரு மனிதனுடைய புதைகுழிக்கு அருகிலேயே ஒரு பூனையும் கவனத்தோடு புதைக்கப்பட்டிருந்த செய்தியை ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் வெளியிட்டபோது, இந்தச் சிநேகம் ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் பழமையுடையது என்பது தெரியவந்தது. அன்று முதல் களஞ்சியத்திலும் மடைப்பள்ளியிலும் மரக்கலத்திலும் பூனைக்கு இடம் கிடைத்தது நகத்தின் பலத்தினால்தான். அந்த நகத்தைப் பேணவேண்டுமென்று யாரும் கவலைப்பட்டதில்லை; மரம் ஏறியும் பட்டையைப் பிறாண்டியும் பூனை தானே அதைப் பார்த்துக்கொண்டது. இவ்வளவு நெடுங்காலம் உபகாரமாக இருந்த அந்த அவயவம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில், உலகத்திலேயே செல்வம் மிகுந்த ஒரு தேசத்தில், குற்றமாகக் கருதப்பட்டு வேரோடு களையப்பட்ட வரலாறு நம்மில் பலர் அறியாதது.

அந்த வரலாறு அழுக்குப் பட்ட ஒரு பூனைப் பாதத்திலிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. அக்காலத்தில் அமெரிக்கப் பூனைகள் பெரும்பாலும் வெளியே திரிந்துவிட்டு வீட்டுக்கு வந்துபோகிறவை. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஒரு பெட்டியில் மணலையோ அடுப்புச் சாம்பலையோ கொட்டிவைப்பார்கள். 1947 ஜனவரியில், மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த காஸோபோலிஸ் என்ற சிற்றூரில், மணற்குவியல் பனியில் இறுகிப்போனதால் சாம்பலைப் போட்டுவைத்த ஒரு பெண்மணி, பூனை கரிபடிந்த கால்களோடு வீடு முழுவதும் தடம் பதிப்பதைப் பொறுக்கமாட்டாமல், தொழிற்சாலைகளுக்கு எண்ணெய்க் கசிவை உறிஞ்சும் பொருள்களை விற்றுவந்த எட்வர்ட் லோ என்ற அயலாரிடம் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். லோ மணலுக்குப் பதிலாக, உலர்த்திக் குருணையாக்கிய ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தனுப்பினார். அது ஈரத்தை உறிஞ்சிற்று. பாதத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டைக் கறைப்படுத்தவும் இல்லை. அந்த அம்மாள் மறுபடியும் மறுபடியும் வந்து அதையே கேட்கவே, லோ ஐந்து ராத்தல் பைகளில் அதை நிரப்பி, பையின்மேல் 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதி, 65 சென்ட் விலை வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் சல்லிசாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்க, அப்படியானால் இனாமாகவே கொடுங்கள் என்று லோ சொன்னாராம். இனாமாகப் பெற்றவர்களே பிறகு காசு கொடுத்து வாங்க வந்தார்கள்.

இவ்வாறு பூனை வீட்டுக்குள் நிரந்தரவாசியாயிற்று. யுத்தத்திற்குப் பிந்தைய செழிப்பில் வீடுதோறும் மெத்தை தைத்த சோபாக்களும் தரைவிரிப்புகளும் நிறைந்திருந்த காலம் அது. மரப்பட்டையை இழந்த பூனை சோபாவின் கைப்பிடியைப் பிறாண்டத் தொடங்கியதில் வியப்பில்லை. பிறாண்டுவது பூனைக்கு விஷமமன்று, தேகதர்மம். நகத்தின் மேலுறை அடுக்கடுக்காக முதிர்ந்து கழல்வதும், முதுகும் தோளும் நீண்டு சோம்பல் முறிவதும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையை ஓரிடத்தில் பதித்து இது என் எல்லை என்று அறிவிப்பதும் அந்த ஒரு செய்கையிலேயே நிறைவேறுகின்றன.

ஆனால் பரிகாரம் தேடியவர்கள் கத்தியை நாடினார்கள். 1952-இல், அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில், சிகாகோ நகரத்து வைத்தியர் மிஸ்னர் என்பவர், பூனையின் நகத்தை அடியோடு நீக்கும் முறையை விவரித்து ஒரு கடிதம் எழுதினார். இத்தகைய சிகிச்சையைப் பற்றிக் கிடைக்கும் ஆரம்பகாலக் குறிப்புகளில் அது முக்கியமானது. நகத்தை நீக்குவது என்று சொல்லும்போது அதன் கொடுமை காதுக்குப் புலப்படுவதில்லை. நம்முடைய நகம் சதையிலிருந்து வளர்கிறது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. ஆகவே, அது மறுபடி வளராதிருக்க வேண்டுமானால் அந்த எலும்பையே அறுத்தெடுக்க வேண்டும். மனிதனுக்குச் செய்வதானால், பத்து விரல்களையும் கடைசிக் கணுவோடு துண்டிப்பதற்கு ஒப்பாகும் இது. முன்னங்கால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விரல்கள் வீதம், வழக்கமான சிகிச்சையில் பத்து எலும்புகள் போயின. நகத்தின் நுனியைக் கத்தரிப்பதற்கென்று செய்யப்பட்ட வெட்டுக்கருவியையே, எலும்பைத் துண்டிக்கவும் பல வைத்தியர்கள் உபயோகித்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு துணுக்குறுகிறது.

பின்னர் நகம் களைவது சர்வசாதாரணமான வழக்கமாயிற்று. குட்டிக்குக் கருத்தடை செய்யும் நாளிலேயே நகத்தையும் எடுத்துவிடலாம் என்று ஒரே கட்டணத்தில் சேர்த்துச் சொல்லும் ஆஸ்பத்திரிகள் இருந்தன. 2001-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்க வீடுகளில் வளர்க்கப்பட்ட பூனைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று நகமிழந்தது. இதைச் செய்தவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் கருதவில்லை. சோபா கிழிந்த கோபத்தில் பூனை தெருவில் விடப்படுவதைவிட நகமின்றி வீட்டில் வாழட்டும் என்பது அவர்களுடைய வாதம். அதில் கருணை இருந்தது உண்மை. ஆனால் பலன் வேறாக இருந்தது. அறுபட்ட விரலோடு பெட்டியின் மண்ணைக் கிளறுவது வலித்தபடியால் சில பூனைகள் பெட்டியையே வெறுத்தன; நகத்தால் எச்சரிக்க வழியில்லாத பூனை பல்லால் கடிக்கக் கற்றது; நடையின் பாரம் மாறியதால் முதுகுவலி கண்டது. எந்தக் குற்றத்துக்காகப் பூனையை வெளியேற்றுவார்கள் என்று அஞ்சினார்களோ அதைவிடப் பெரிய குற்றங்களைச் சிகிச்சையே உண்டாக்கிற்று.

ஐரோப்பா இந்த விஷயத்தில் முன்னதாகவே விழித்துக்கொண்டது. 1987-இல் ஸ்டிராஸ்பூர்க்கில் கையெழுத்தான செல்லப்பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை, வைத்தியக் காரணமின்றி நகம் களைவதை விலக்கிற்று. அமெரிக்காவில் கிளர்ச்சியைத் தொடங்கியவர் கலிபோர்னியாவில் சிங்கம், புலி முதலிய பெரிய மிருகங்களுக்கு வைத்தியம் பார்த்த ஜெனிபர் கான்ராட் என்ற மாதரசி. நகம் களையப்பட்டு நடக்கமுடியாமல் முடங்கிய புலிகளுக்குச் சீர்திருத்தச் சிகிச்சை செய்யப்போய், வீட்டுப் பூனைக்கும் அதே கதிதானே என்று அவர் உணர்ந்தார். அவருடைய முயற்சியால் 2003-இல் வெஸ்ட் ஹாலிவுட் நகரசபை தடை விதித்தது. கலிபோர்னியா மாகாணத்து மிருக வைத்தியச் சங்கமே அதை எதிர்த்து வழக்காடி, 2007-இல் மேல்முறையீட்டில் தோற்றது. கனடாவில் நோவா ஸ்கோஷியா 2018-இல் வழிகாட்ட, 2019 ஜூலையில் நியூயார்க், தடை விதித்த முதல் அமெரிக்க மாகாணமாயிற்று. மீறுவோருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம். மேரிலாந்து 2022-இல் பின்தொடர்ந்தது.

கத்தியின்றிச் செய்யக்கூடிய காரியம் எளிமையானது. பூனை உறங்கி எழுந்து சாந்தமாக இருக்கும் வேளையில் மடியில் வைத்துக்கொண்டு, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் உள்ளே ஒடுங்கியிருக்கும் நகம் வெளியே நீளும். வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரியும். அதற்கு முன்னே கூராக வளைந்த வெண்மையான நுனியை மட்டும் கத்தரிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லா விரலையும் முடிக்கவேண்டுமென்ற அவசியமில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை பார்த்தால் போதும். வயதான பூனையாயின் அதிகக் கவனம் வேண்டும். பிறாண்டுவதைக் குறைத்துவிட்ட கிழப்பூனையின் நகம் வளைந்து உள்ளங்காலின் மெத்தைச் சதையிலேயே குத்தி ஏறிவிடுவதுண்டு. அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கும் அன்பர்கள், அது பின்னங்காலில் நின்று முழு நீளத்துக்கும் உடலை நீட்டக்கூடிய உயரத்தில், அசையாத கட்டை ஒன்றில் சணற்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அது உறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவையுங்கள்.