எந்த ஊர்க் கோர்ட்டு?



"டீச்சர், கல்யாணம் திண்டுக்கல்ல நடந்துச்சு. குடித்தனம் கோயம்புத்தூர்ல. இப்ப பிள்ளையோட அம்மா வீட்ல இருக்கேன். எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?" பழைய மாணவிகள் போனில் கேட்கிற கேள்வி இது. மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகலாம். ஆனால் இந்தப் பதில் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

நம் கீழக்குயில்குடியில் அந்தக் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசி அத்துவிடுவார்கள், பெண் அறுத்துக்கட்டிக்கொள்ளலாம். கோர்ட்டை அண்டாததற்கு வேறு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். 1914-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் நம் ஊர்க் கள்ளர் மக்கள்மேல் பாய்ந்தது. 1947-ல் அது ஒழியும்வரை சர்க்கார் கட்டடம் என்றாலே கைரேகை வைக்கிற இடம்தான். வீட்டுச் சண்டையை அங்கே யார் கொண்டுபோவார்கள்?

1955-ன் இந்து திருமணச் சட்டமும் 29-ஆம் பிரிவில் வழக்கப்படியான மணவிலக்கை விட்டுவைத்தது. ஆனால் பின்னால் யாராவது எதிர்த்தால், அப்படியொரு வழக்கம் உண்டென்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய தாளை மட்டும் நம்பி மறுகல்யாணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.

அதே சட்டப்படி மனுப் போடும் இடம் எது? கல்யாணம் நடந்த ஊர், அல்லது இருவரும் சேர்ந்து குடியிருந்த ஊர். எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர் 1976-ல் சேர்ந்தது. துரத்தப்பட்டவள் ஒதுங்கிய அம்மா வீடு மட்டும் கணக்கிலேயே இல்லை! கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவைக்குப் பஸ் ஏறுபவள் எத்தனை வாய்தா தாங்குவாள்? நியாயம் இருந்தும் பாதியில் விட்டுவிடுவாள். 2003 திருத்தம்தான் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றது.

ஜீவனாம்சத்தில் இது முன்னாலேயே வந்துவிட்டது. 1898-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் புருஷன் இருக்கும் இடமும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடமும்தான். 1974-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் மனைவி வசிக்கும் இடத்தையும் சேர்த்தது. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் தாராளம், தற்காலிகமாகத் தங்கும் ஊரே போதும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் ரொம்பக் கொடுமை. மதுரையில் தீர்ப்பு வாங்கினாலும் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். 1869-ல் போட்ட அந்த முடிச்சு 2001-ல்தான் அவிழ்ந்தது.

கணவர் முந்திக்கொண்டு கோவையில் வழக்குப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். மதுரைக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. பிள்ளை சென்னையில் இருந்து கஞ்சி ஊற்றவில்லை என்றால், 2007 சட்டப்படி இங்கேயே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வழி இருந்தது. கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்க மட்டும் அவன் ஊருக்குத்தான் போகணும். 1.7.2024 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் தாய் தகப்பன் வசிக்கும் இடமும் சேர்ந்துவிட்டது.