பேர் பதிஞ்ச நாள்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் எழுதிய ஒரு கடிதம் சிவப்பு மையோடு மேசைக்குத் திரும்பி வந்தது. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வீடமைப்புப் பகுதியாக மாற்றும் வேலை அது. தளத்தில் பணி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரிவிக்கும் இரண்டே வரிக் கடிதம். நான் 'பிகேன்' என்று எழுதியிருந்தேன். மூத்த பொறியாளர் அதை அடித்துவிட்டு 'கமென்ஸ்ட்' என்று மேலே எழுதியிருந்தார். தேதியையும் அடித்திருந்தார். புதிய தேதி மூன்று வாரம் பிந்தியது.

சொல்லை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், அலுவலக ஆங்கிலம் இன்னும் வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தேதியை ஏன் மாற்றினார் என்றுதான் புரியவில்லை. கேட்டேன். நீ போட்டது மரத்தைச் சாய்த்த நாள், அது கணக்கில் வராது என்றார். ஒப்பந்தத்தில் 'கமென்ஸ்மென்ட் டேட்' என்று ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் அங்கே என்ன நடந்திருந்தாலும் அது பேச்சுக்குத்தான் தொடக்கம் என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் துறையில் பல நாடுகளில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்தில் அந்தத் தேதிக்கென்றே ஒரு விதி உண்டு. கட்டி முடிக்க எத்தனை நாள், தாமதமானால் எவ்வளவு தண்டம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

இரண்டு சொற்களுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனால் அவை பிறந்த வீடுகள் வேறு. 'பிகின்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். உழவனும் பால் கறப்பவளும் பேசியது. 'கமென்ஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு பல நூற்றாண்டு கோலோச்சியது. ஆட்சி போன பின்னும் அதன் சொற்கள் சட்டத்தாளில் தங்கிவிட்டன. அதனால்தான் மழை 'பிகின்' ஆகிறது, வழக்கு விசாரணை 'கமென்ஸ்' ஆகிறது. நம்மிடமும் 'தொடங்கு' இருக்கிறது, வடமொழி வழி வந்த 'ஆரம்பி' இருக்கிறது. ஆனால் அவற்றுக்குள் இப்படி ஒரு வேலைப் பிரிவினை இல்லை. என் பாட்டி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்.

பாட்டியிடம் வருவதற்கு முன் ஒரு மரத்தைப் பார்த்துவிடலாம்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே, வேலிக்குள் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மலேசிய ரப்பரின் கதை இங்கே தொடங்கியது என்றார் ஆசிரியர். கதை சுருக்கமாக இது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மிகச் சிறு பகுதிதான் முளைத்தது. அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் 9 கோலகங்சாருக்கு. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டான ஹியூ லோ தன் இல்லத் தோட்டத்தில் நட்டார். இன்று வேலிக்குள் நிற்பது அந்த ஆரம்ப நடவின் எச்சம்.

அன்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம், ஐஸ் வாங்கித் தின்றோம். இப்போது யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. அந்த ஒன்பது மரங்களும் ஏறக்குறைய இருபது ஆண்டு அழகுக்காகத்தான் நின்றன. பேராக்கில் வெள்ளைக்காரனின் கண் ஈயத்தின் மேல் இருந்தது, தோட்டக்காரனின் கண் காப்பியின் மேலும் கரும்பின் மேலும். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் நச்சரித்தார். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். மரத்தைக் கொத்திக் குதறாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை அவர் 1890களில் செய்து காட்டினார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிகத்துக்காக நட்டார். அதற்குள் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. பிறகு காப்பி விலை சரிந்தது, மோட்டார் கார் வந்தது, 1910இல் ரப்பர் விலை எகிறியது.

ஆக, ரப்பர் இங்கே எப்போது தொடங்கியது? மண்ணில் வேர் விட்ட 1877இலா, கணக்குப் புத்தகத்தில் ஏறிய நாளிலா? தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கன்று நட்ட பின் ஐந்து, ஆறு, ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அடிமரம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால்தான் உளி வைப்பார்கள். அதுவரை களை பிடுங்கியவர், உரம் போட்டவர், பன்றி தின்னாமல் காத்தவர் எல்லாம் உண்டு. துரையின் புத்தகத்தில் அந்த நிலத்துக்கு வருமானம் தொடங்குவது முதல் வெட்டு விழுந்த நாளில்.

மரத்துக்கு நடந்ததுதான் மனிதருக்கும் நடந்தது. 'ரப்பர் வெட்டுவதற்காக வெள்ளைக்காரன் நம்மைக் கொண்டுவந்தான்' என்பது நம் மேடைப் பேச்சுகளில் தேய்ந்துபோன வாக்கியம். ஆனால் ரப்பருக்கு முன்பே பேராக்கில் தமிழர் இருந்தார்கள். கிரியானின் கரும்புத் தோட்டங்களில் வெட்டினார்கள், காப்பித் தோட்டங்களில் இருந்தார்கள். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய, நாட்டின் முதல் ரயில் பாதைக்கு உழைத்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். கரும்பும் காப்பியும் பேராக்கில் அழிந்தன. அவற்றோடு அந்தத் தொடக்கங்களும் பாடப்புத்தகத்திலிருந்து அழிந்தன.

இன்னொரு கட்சியும் உண்டு. நம் வரலாறு 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது எனக்கும் மயிர் சிலிர்க்கும்தான். ஆனால் படையெடுத்து வந்தவனை என் பூட்டன் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. என் பூட்டன் நாகப்பட்டினத்து டிப்போவில் வரிசையில் நின்றவர்.

அவர் வந்தது கங்காணி முறையில். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்துவிட்டது. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று செலுத்த, அதிலிருந்து கப்பல் செலவு போனது. கங்காணி தன் ஊருக்கே போய் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது நடந்தது. பூட்டனுக்கு மலாயா எப்போது தொடங்கியது? ஊரில் மழை பொய்த்த வருஷத்திலா, கங்காணி திண்ணையில் உட்கார்ந்து பேசிய மாலையிலா? தாளில் இருப்பது பினாங்கில் இறங்கிய தேதி.

பத்து காஜா பக்கம் கெல்லீஸ் காசல் இருக்கிறதே, அங்கே போகிறவர்கள் பேய்க் கதை கேட்டுவிட்டு வருகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் ரப்பர் தோட்டத்தில் 1915இல் அந்த மாளிகையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். ஸ்பானிஷ் காய்ச்சலில் வேலையாட்கள் பலர் இறந்தார்கள். அவர் 1926இல் லிஸ்பனில் இறக்க, மாளிகை அரைகுறையாக நின்றது. தொழிலாளர்கள் கேட்டு அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோவில் அருகிலேயே இருக்கிறது. கூரையில் சாமிகளுக்கு நடுவே அவர் உருவமும் நிற்கிறது. மாளிகை தொடங்கிய வருஷம் எல்லாத் தகவல் பலகையிலும் இருக்கும். காய்ச்சலில் போனவர்களின் பெயர்களைப் பார்வையாளன் எங்கே போய்த் தேடுவான்?

இனி பாட்டி. 1948இல் இங்கே, லயத்து வீட்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் வேலைக்கு இறங்கினார். "மெர்டேகா வந்த வருஷம்பா. பெரட்டுக்கு அம்மா பின்னாலயே போவேன். மங்கு தொடைக்கணும், ஒட்டுப்பால் உருவணும். பால் எங்கம்மா கணக்குலதான் எடை போடுவாங்க" என்பார். கையில் உளி பிடித்தது பன்னிரண்டில். 1964இல்தான் பெயர் செக்ரோலில் ஏறியது.

1997இல் தோட்டம் விற்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. அலுவலகத்தில் 33 வருஷம் என்று கணக்குப் போட்டார்கள். பாட்டி 40 என்றார். கிராணி சிரித்தாராம். ஏழு வருஷம், 140 நாள் சம்பளம். சட்டப்படி பார்த்தால் கிராணி பக்கம் தப்பில்லை. பெயர் இல்லாத பிள்ளைக்கு எதை வைத்துக் கொடுப்பது? அந்த ஏழு வருஷத்துப் பாலை நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டவர்கள் மட்டும் இருக்கத்தான் செய்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் பாட்டி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். என் கடிதம் திருத்தப்பட்ட வாரம் அதைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'டேட் கமென்ஸ்ட்' என்ற கட்டத்தில் தட்டச்சு செய்த தேதி.

"என்னப்பா போட்டிருக்கான்?"

"நீங்க வேலைக்குச் சேர்ந்த நாள், பாட்டி."

"சேர்ந்த நாள் இல்ல. அது பேர் பதிஞ்ச நாள்."

நார்மன் படையெடுப்பெல்லாம் தேடிப் படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்கு இறங்குவது ஒன்று, பேர் பதிவது வேறு என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அதே டின்னில் பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையும் இருந்தது. அரசியலமைப்பின்படி 1957 ஆகஸ்ட் 31 அன்றும் அதன் பின்னும் இங்கே பிறந்தவர், 1962இல் விதி இறுக்கப்படும்வரை, தானாகவே குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவர்களில், பாட்டியைப் போல அம்மா அப்பா இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால், மனுப் போட வேண்டும். முதல் ஒரு வருஷம் மலாய் மொழித் தேர்வுகூட வேண்டாம் என்று சலுகை இருந்தது. பூட்டன் போடவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றே சாகும்வரை இருந்தார். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோது, பக்கத்து லயங்களில் பலர் பெட்டி கட்டிக் கப்பல் ஏறினார்கள். பாட்டி பெர்மிட் எடுத்துத் தங்கினார்.

அவருடைய தங்கை 1959இல் பிறந்தவர். அதே லயம், அதே வீடு, பிரசவம் பார்த்ததும் அதே கிழவிதான். சின்னப் பாட்டிக்கு நீல அட்டை. தேர்தலன்று சின்னப் பாட்டி விரலில் மையோடு வந்து உட்காருவார், பாட்டி அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கடிதத்தைத் திருத்தியபடியே தட்டச்சு செய்து அனுப்பினேன். தள நாட்குறிப்பில் மட்டும் மரம் சாய்த்த அந்த மூன்று வாரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்: எத்தனை இயந்திரம், எத்தனை ஆள், மழை பெய்த நாட்கள். சாய்த்தவர்கள் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், ஒன்பது பேர். குத்தகைக்காரர் அவர்கள் பெயரைப் பதிந்து கொடுத்தது கமென்ஸ்மென்ட் தேதிக்கு அப்புறம்தான்.