தெமியார் கனவுப் பாடல்கள் (இசைத்தட்டு)

தீபகற்ப மலேசியாவின் நடுமலைத் தொடரில் வாழும் தெமியார் பூர்வக்குடிகளின் பாடல்களைக் கொண்ட இசைத்தட்டு இது. பாடல்கள் 1941இல் பதிவாயின. நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் அவற்றை 1955இல் வெளியிட்டது. கித்தார் இல்லை, மேடை இல்லை. மனிதக் குரலும் மூங்கிலும்தான். ஆனாலும் தனக்குக் கிடைத்த பாட்டைத் தானே பாடும் ஒருவரின் கலையாகவே இதைக் கேட்க வேண்டும்.

பகாங்கின் கேமரன் மலைக்கும் தெமியார் காட்டுக்கும் தொலைவு அதிகமில்லை. தானா ராத்தா, ரிங்லெட் பக்கத்துக் காடுகளில் அவர்களின் உறவினமான செமாய் மக்கள் வாழ்கிறார்கள். வடக்கே கிளந்தானிலும் மேற்கே பேராக்கிலும் தெமியார் ஊர்கள் உள்ளன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்ட லயங்களில் தமிழர்கள் தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடிவந்த அதே ஆண்டுகளில், மலைமுகட்டுக்கு அப்பால் இந்தக் கனவுப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன.

தெமியார் நம்பிக்கையில் பாடலை எவரும் இயற்றுவதில்லை. மலை, ஆறு, பழமரம், விலங்கு என எதன் ஆவியும் ஒருவரின் கனவில் வந்து தன் பாடலைச் சொல்லிக்கொடுக்கலாம். மெட்டும் சொல்லும் அங்கேயே கிடைக்கின்றன. அந்த ஆவி அவருக்குத் துணையாகிறது. பாடல் அதன் வழித்தடமாகிறது. பிறகு இரவில் வீட்டுக்குள் ஊர் கூடும். கனவு கண்டவர் ஓர் அடியைத் தனியாகப் பாடுவார். அவர் முடிக்கும் முன்பே பெண்கள் அதை ஏந்திப் பாடத் தொடங்குவார்கள். நீளம் மாறுபட்ட மூங்கில் குழாய்களை இணையிணையாக மரக்கட்டையில் குத்தித் தாளம் போடுவார்கள். நோயாளியைக் குணப்படுத்தவும் இதே பாடல்கள்தாம் பயன்படுகின்றன. கூட்டுக்குரல் எவ்வளவு ஓங்கினாலும் பாடல் எவருடைய கனவில் வந்ததோ அவருடையதே. ஊருக்கும் அது தெரியும். ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று பொதுப்பெயரிட்டு ஆளில்லாத பாட்டாக்குவது இக்கலைக்குச் செய்யும் அநியாயம்.

1941 பதிவுகள் மலாயா வானொலி வழியாக வந்தவை. தெமியாரிடையே ஆய்வு செய்து அவர்களோடு வாழ்ந்து, ஒரு தெமியார் பெண்ணை மணந்தவர் எச். டி. நூன். தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தின் மானிடவியலாளரான அவரது உழைப்பு இந்தப் பதிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. காட்டுக்குள் மறைந்து வாழ்ந்த நூன் 1943இல் கொல்லப்பட்டார். இசைத்தட்டு வெளிவந்தபோது அவர் இல்லை.

நூனோடு மலாயாவில் பயணம் செய்த அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட், கனவுகளை ஆளத் தெரிந்த அமைதியான மக்கள் என்று தெமியாரைப் பற்றி 1951இல் எழுதினார். 1960களில் அது மேற்கில் பெரும் மோகமானது. உளவியலாளர் வில்லியம் டோம்ஹோஃப் 1985இல் வெளியிட்ட நூலில், ஸ்டூவர்ட்டின் சித்திரத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். கனவைக் கட்டுப்படுத்தும் பயிற்சி எதையும் இத்தட்டில் தேட வேண்டியதில்லை. இது பாட்டு.

இந்த இசையைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் இசை மானிடவியலாளர் மெரினா ரோஸ்மன். 1980களின் தொடக்கத்தில் தெமியாரோடு தங்கி, 1991இல் அவர்களின் குணமூட்டும் இசை பற்றிய நூலை வெளியிட்டார். அவருடைய ஒலிப்பதிவுகள் 1995இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியீடாக வந்தன. மூங்கிலின் சீரான துடிப்பைக் காட்டுப் பூச்சி, பறவைகளின் ஒலியோடும் நெஞ்சின் ஏக்கத்தோடும் தெமியார் இணைத்துக் கேட்பதை அவர் விளக்கினார். கலை உறைந்துவிடவில்லை என்பதும் அவர் எழுத்தில் தெரிகிறது: டின்னில் அடைத்த சார்டின் மீனின் ஆவிகூடக் கனவில் வந்து பாட்டுக் கொடுத்திருக்கிறது. புதிதாக வந்து நுழையும் எதையும் தம் உலகத்து உறவாக்கிக்கொள்ளும் துணிவு இது.

பாடல்களில் ஊர், ஆறு, மரம் ஆகியவற்றின் பெயர்கள் வருகின்றன. எந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், எந்தப் பழமரம் யாருடைய பராமரிப்பில் இருந்தது என்பதற்கு அவை சாட்சி என்று 1998இல் ரோஸ்மன் வாதிட்டார். மரம் வெட்டுவோரும் பெருந்தோட்டங்களும் பூர்வக்குடி நிலத்தை நெருக்கும்போது பட்டா இல்லாத மக்களுக்கு அந்த வாதம் பொருள் மிக்கது. 1941இல் பதிவான குரல்களையும் அந்தச் சாட்சிகளோடு சேர்க்கலாம். 1987இல் ஃபோக்வேஸ் சேகரிப்பை ஏற்ற ஸ்மித்சோனியன் நிறுவனம், அதன் பழைய தட்டுகள் எதையும் விற்பனையிலிருந்து நீக்குவதில்லை என்று உறுதியளித்ததால், இத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது.