மலையக மழையைக் கணிக்கும் கணினிகள்: இயங்குதளம் வேகத்தைத் தீர்மானிக்கிறதா?

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குப் பின்பற்றும் மழையளவுகள் இவை. திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் சரிவுகளை ஒட்டிய லயன்களில் வாழ்பவர்களுக்கு இந்த எண்கள் உயிரோடு தொடர்புடையவை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலையகத்தில் விட்டுச்சென்ற அழிவும் அதை உணர்த்தின.

மழைமானி பெய்த மழையைத்தான் சொல்லும். பெய்யப்போகும் மழையை முன்கூட்டிச் சொல்லக் கணினி வேண்டும். அந்தக் கணிப்பைச் செய்யும் கணினிகளின் வேகத்தில் இயங்குதளத்துக்கு என்ன பங்கு?

27 மடங்கு வேலை

வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கட்டம் 9 கிலோமீற்றராக இருந்தால், ஹட்டனும் தலவாக்கலையும் அடுத்தடுத்த கட்டங்களில், சிலவேளை ஒரே கட்டத்திலேயே அடங்கிவிடும். இடையிலுள்ள மலைமுகடும் பள்ளத்தாக்கும் மாதிரிக்குத் தெரியாது. கட்டத்தை 3 கிலோமீற்றராகக் குறைத்தால் கட்டங்களின் எண்ணிக்கை 9 மடங்காகும். கணக்கிடும் நேர இடைவெளியையும் மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஆக, வேலை 27 மடங்கு.

இதை ஒரு கணினியால் உரிய நேரத்தில் முடிக்க இயலாது. எனவே பல கணினிகளை அதிவேக வலையமைப்பால் இணைத்து வேலையைப் பங்கிடுகிறார்கள். இதுவே கணினிக் கொத்து.

கடைசிச் சாக்கு வரும்வரை

பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று சொல்லும் இயங்குதளம்தான் ஒவ்வொரு கணினியிலும் நினைவகத்தையும் செயலியையும் பங்கிடுகிறது. அதற்கென்று சொந்த வேலைகளும் உண்டு: பதிவேடு எழுதுவது, கண்காணிப்பது, வலையமைப்புச் செய்திகளுக்குப் பதிலளிப்பது. தனிக் கணினியில் இந்தத் தாமதம் நமக்குத் தெரியாது. கொத்தில் நிலைமை வேறு. கொழுந்து ஏற்ற வந்த லொறி கடைசிச் சாக்கும் நிறுக்கப்பட்ட பிறகே புறப்படுவதைப் போல, ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாக் கணினிகளும் மிகவும் பிந்திய கணினிக்காகக் காத்திருக்கும். எண்ணிக்கை கூடக் கூட, ஏதோ ஒன்று பிந்துவதற்கான வாய்ப்பும் கூடும். இதை ‘இயங்குதள இரைச்சல்’ என்பார்கள்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் ‘ஏ.எஸ்.சி.ஐ. கியூ’ கணினி. 8,192 செயலிகளில் ஒரு முக்கியமான நிரல் எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாக ஓடியது. 2003இல் வெளியான ஆய்வு, காரணம் பின்னணிப் பணிகளே என்று காட்டியது. அவற்றை அகற்றியும் ஒழுங்குபடுத்தியும், நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், வேகத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கினார்கள்.

லினக்ஸ் ஏன் வென்றது?

2008 நவம்பரில் ஷங்ஹாயின் ‘டோனிங் 5000ஏ’ கணினி விண்டோஸ் எச்.பி.சி. சேர்வர் 2008 இயங்குதளத்தில் நொடிக்கு 180.6 ட்ரில்லியன் கணக்குகளைச் செய்து, உலகப் பட்டியலில் 10ஆம் இடம் பெற்றது. ஆகவே விண்டோஸால் முடியாது என்பதல்ல. ஆனாலும் 2017 நவம்பர் முதல் ‘டொப் 500’ பட்டியலின் 500 கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

அதற்குக் காரணம் வெறும் வேகம் மட்டுமல்ல. லினக்ஸின் மூலநிரல் திறந்திருப்பதால் தேவையற்ற பகுதிகளை வெட்டிவிடலாம். ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வேலைகளை வரிசைப்படுத்தும் ‘ஸ்லேர்ம்’ போன்ற மென்பொருட்களும் லினக்ஸை மையமாகக் கொண்டே வளர்ந்தவை. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் பயன்படுத்தும் ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ வானிலை மாதிரி இலவசமானது. அதன் இயல்பான களமும் லினக்ஸ்தான்.

நேர்மையான ஒப்பீடு

இரு இயங்குதளங்களை ஒப்பிடுவோர் கவனிக்க வேண்டியவை:

• வன்பொருள், தொகுப்பி, தொடர்பாடல் நூலகம் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றின் பதிப்பு மாறினால், வித்தியாசம் இயங்குதளத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

• ‘லின்பேக்’ சோதனை மட்டும் போதாது. அது பெரும்பாலும் செயலியின் கணக்கிடும் திறனையே அளக்கிறது. நினைவகத்தையும் வலையமைப்பையும் சோதிக்கும் ‘எச்.பி.சி.ஜி.’யையும், உண்மையான வானிலை மாதிரியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

• ஒரு கணினியில் தொடங்கி 8, 64 எனக் கூட்டிச் செல்ல வேண்டும். இரைச்சல் அப்போதுதான் வெளிப்படும்.

• பலமுறை ஓட்டி, சராசரியோடு மிக மெதுவான ஓட்டத்தையும் குறிக்க வேண்டும். எச்சரிக்கை பிந்துவது அந்த ஓட்டத்தில்தான்.

• பராமரிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல கொத்துகள் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. ரொக்கி, அல்மா போன்ற லினக்ஸ் வகைகள் அந்த இடத்துக்கு வந்துள்ளன.

நமக்கு என்ன?

இந்தியா 2024 செப்டெம்பரில் வானிலைக்கென புனேயில் 11.77 பெட்டாஃப்ளொப் திறனுள்ள ‘அர்கா’வையும், நொய்டாவில் 8.24 பெட்டாஃப்ளொப் ‘அருணிகா’வையும் தொடக்கியது. 2025 மே மாதம் அர்காவில் 6 கிலோமீற்றர் கட்டமுள்ள மாதிரியும் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு பெரிய கணினி இலங்கைக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் இலங்கையின் பரப்பு சிறியது. மலைநாட்டுக்கு மட்டும் நுண்ணிய கட்டத்தில் கணிக்க நடுத்தரக் கொத்து ஒன்றே பெரிதும் உதவும். அதற்கான இயங்குதளமும் மாதிரியும் இலவசம். வன்பொருளுக்கும், மின்சாரத்துக்கும், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் செலவு.

மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கிருந்து இடம்மாற்றப்படவில்லை. கணினிக் கொத்து இரண்டு மணித்தியாலத்தை மிச்சப்படுத்தினாலும், அந்தச் செய்தி தமிழில், இரவிலும், லயன் வாசல்வரை வந்து சேர வேண்டும். வெளியேறுபவர்களுக்குப் போக ஓர் இடமும் இருக்க வேண்டும்.